குறிப்பேடா, மூலநூலா?

(உயர்தர வகுப்பு மாணவரின் பெற்றோர்க்காகக் கிராம வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரை)



உயர்தரப் பரீட்சையிலே தமிழை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "தாய்மொழிதானே, அதற்கென்ன தனிப் படிப்பு?" என்று கேட்போர் நம்மிடையே உளர். இக்கேள்வி பெருந்தவறானது. பல்கலைக்கழக வாயிலைத் திறக்கும் மூன்று பாடங்களுள் தமிழ் ஒன்றாயின், அதன் புள்ளியும் மற்ற இரண்டின் புள்ளிக்குச் சமமானதே.

அனுமதி என்ற சொல் நமக்குப் பழைய புண். 1971 ஆம் ஆண்டளவில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவர் கூடுதலான புள்ளி பெறவேண்டியவராயினர். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்த அநீதியை நாம் மறக்கவில்லை; மறக்கவும் மாட்டோம். ஆனால் இன்றைய பரீட்சைக்கு இன்றைய முறையை அறிந்தே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

2001 முதல் அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்திலே தோற்றிய அனைவரின் சராசரியிலிருந்து நம் பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. உதாரணமாக, சராசரி 50, நியம விலகல் 10 எனக் கொள்வோம். 65 பெற்ற பிள்ளைக்கு இசட் புள்ளி 1.5. அதே விலகலோடு சராசரி 62 ஆயின், அதே 65 க்குக் கிடைப்பது 0.3 மட்டுமே. பெற்ற புள்ளி ஒன்றே. நின்ற இடம் வேறு.

இதன் பொருள் யாது? ரியூட்டரிகளில் விற்கும் ஒரே குறிப்பேட்டை ஆயிரம் பேர் மனனஞ் செய்து ஒரே விடையை எழுதினால், அந்த ஆயிரம் பேரும் சராசரியின் அருகிலேயே நிற்பர். பிறருடைய குறிப்பு நம்மைக் கூட்டத்தோடு சேர்க்கும்; நம்முடைய வாசிப்பே நம்மைக் கூட்டத்துக்கு மேலே உயர்த்தும்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் கற்றவராயிருந்தும், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். இவர்கள் மூலநூலோடு போராடியவர்கள்.

மாணவச் செல்வங்களே! விதிக்கப்பெற்ற பாடலை முதலில் வாய்விட்டு வாசியுங்கள். சந்தி பிரித்து எழுதுங்கள். பொருளை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிய பின்னரே உரையைத் திறவுங்கள். எங்கே பிழைத்தோம் என்பதைக் குறித்து வையுங்கள். அதுவே உங்கள் குறிப்பேடு. இலக்கண விதியைச் சூத்திரமாக மட்டும் ஒப்புவியாது, படித்த பாடலிலேயே உதாரணந் தேடுங்கள். கிழமைக்கு ஒரு பழைய வினாத்தாளை மணிக்கூட்டை முன்வைத்து எழுதுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! 1945 இல் வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது, நேரத்தைத் தரவில்லை. அதைத் தரவேண்டியவர் நீங்கள். அறுவடைக் காலத்திலும் மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைக்கு உரியதாகட்டும். வக்கீல்களே, வைத்தியர்களே, எழுதுவினைஞர்களே! கிழமைக்கு ஒரு மாலை இவ்வாசிகசாலைக்கு வாருங்கள். பிள்ளைகள் எழுதிய விடைகளைத் திருத்துங்கள். விதிக்கப்பெற்ற ஒவ்வொரு நூலிலும் நல்ல உரையோடு ஐந்து பிரதிகளாவது இங்கே இருக்க வழி செய்யுங்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அன்று நாம் அழுதது நூல்களுக்காக. அந்த நூல்களை வாசியாத ஒரு தலைமுறையை நாமே வளர்த்துவிட்டால், நம் கண்ணீருக்குப் பொருள் யாது? எரித்தவரை உலகம் பழிக்கும். திறவாத நம்மை யார் மன்னிப்பர்?