முதுமையில் சிறுநீர்க் கசிவு



திருமண அழைப்பு வரும். "முழங்கால் வலி, நீங்கள் போய் வாருங்கள்" என்பார் பாட்டியார். உண்மையில் அவரைத் தடுப்பது முழங்கால் அன்று. இருமினால் சேலை நனைந்துவிடுமோ என்னும் அச்சமே. மகனிடம் சொல்ல நாணம்; மருமகளிடம் சொல்லத் தயக்கம். பல இல்லங்களில் இது ஆண்டுக்கணக்கில் மறைக்கப்படுகிறது.

சிறுநீர்க் கசிவு முதுமையின் தவிர்க்கவியலா விதி அன்று, காரணமுள்ள குறைபாடு. இருமும்போதும் பளு தூக்கும்போதும் சில துளிகள் கசிந்தால், சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசைகள் மகப்பேற்றினாலோ மாதவிடாய் நின்றபின் நேரும் மாற்றத்தாலோ தளர்ந்திருக்கலாம். உந்துதல் தோன்றிய கணமே கசிந்தால், பை நிரம்புமுன்னரே சுருங்குகிறது எனலாம். ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை அடைப்பதால் நிரம்பி வழிவதும் உண்டு. வேறு சிலருக்கோ சிறுநீர்ப்பையில் பழுதே இராது. விரைந்து நடக்க இயலாமைதான் இடையூறு. அவருக்கு மருந்தைவிட முதலில் வேண்டுவன இரவில் ஒரு சிறு விளக்கும், கழிப்பறையில் பிடித்தெழ ஒரு கைப்பிடியும்.

பலரும் செய்யும் பிழை, தண்ணீரைக் குறைப்பது. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும், இரண்டும் கசிவை மிகுவிக்கும். அந்திக்குப் பின் நீர் அருந்தா நோன்புடையோர் பகலிலேயே அதனை நிறைவு செய்தல் வேண்டும். இதய, சிறுநீரக நோயுடையோர் மருத்துவர் வகுத்த அளவைக் கடக்கலாகாது. குறைக்க வேண்டியவை காப்பியும் தேநீருமே.

அமெரிக்க மகளிர்நல மருத்துவர் அர்னால்டு கீகல் 1948இல் ஒரு தசைப்பயிற்சியை எழுதி வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசைகளை உள்ளிழுத்து 5 நொடி நிறுத்தி, 5 நொடி தளர்த்துதல். இவ்வாறு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கலாகாது; சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகுதலும் கூடாது. நாற்காலியில் அமர்ந்து செய்யலாம், அருகிலிருப்போர்க்கும் தெரியாது. பயன் தெரிய மூன்று மாதங்கள்கூட ஆகலாம். பத்து நாளில் கைவிட்டுவிட்டுப் பயிற்சியைக் குறை கூறுவது முறையன்று.

எரிச்சல், காய்ச்சல், குருதி, திடீர்க் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உண்போர் அதனைத் தாமே நிறுத்தாமல், காலையில் உண்ணலாமா என்று கேட்டறிய வேண்டும்.

மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று நாள்களுக்கு, எப்போது எவ்வளவு அருந்தினார், எப்போது கழித்தார், எவ்வேளையில் கசிந்தது எனக் குறித்து வைத்தல் நலம். கண்பார்வை மங்கிய பாட்டியாருக்குப் பேத்தி எழுதித் தரலாம்.