பழைய பெட்டிக் கணக்கு, புதுப் பெட்டிக்கு வந்த கதை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஊக்குநர் அக்கா ஒருத்தர் குழுக்கடன் எடுத்து, பாகம் பாகமாக வாங்கி, மகளை வைத்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டியிருக்காங்க. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 10-ல் ஓடியது. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்த மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது.

போன ஞாயிறு அவங்க வீட்டுக்குப் போனேன். எல்லாம் பூட்டியாச்சு, எஸ்.எஸ்.டி. மட்டும் டப்பாவிலேயே இருந்தது. "தொடவே பயமா இருக்கு மேடம், பழைய டிஸ்க்குலதான் குழுவோட மூணு வருஷக் கணக்கு இருக்கு"ன்னாங்க.

அது நியாயமான பயம்தான். நான் சமூகப் பணி படிச்சவ, கம்ப்யூட்டர் படிச்சவ இல்லை. முன்னால் வேலை பார்த்த இடத்தில் விண்டோஸ் போடும்போது, திரையில் வந்த இரண்டு டிஸ்க்கில் தப்பானதைத் தொட்டு அழித்தது என் கைதான். எட்டு மாதக் கணக்கு போச்சு. குழு குழுவாகப் போய் உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களை வாங்கி, உட்கார்ந்து திரும்ப எழுதினோம்.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன? பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதனால்தான் அந்த 'உய்ங்' சத்தம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவுமே கிடையாது, எல்லாம் சிப்பில்தான் பதியும். அக்கா வாங்கியது எம்.2 வகை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், பார்க்க சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும்.

மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிட்டோம். கையில் இருக்கும் மின்னேற்றம் சிப்பைக் கெடுக்கும் என்பதால் முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டோம். மதர்போர்டில் உள்ள இடத்தில் பட்டையைச் சாய்வாகச் செருகி, மெதுவாகப் படுக்கவைத்து, நுனியில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ இருக்கே, அரிசியில் கல் தேடுகிற மாதிரி தேட வச்சிடும்! எவர்சில்வர் தட்டில் போட்டு வச்சுக்குங்க. மேலே மூடும் உலோகத் தகட்டின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.மேல் இருக்கும் லேபிளை மட்டும் உரிக்கக்கூடாது, வாரண்டி போயிடும்.

அடுத்ததுதான் முக்கியம். அந்தப் பொண்ணு பழைய டிஸ்க்கையும் சேர்த்தே மாட்டி வச்சிருந்தா. "முதல்ல அதோட வயரைக் கழற்றும்மா"ன்னேன். "எதுக்கு மேடம், அப்புறம் எப்படியும் மாட்டத்தானே போறோம்?"னு கேட்டா. கழற்றி வைத்தால் விண்டோஸ் போடும்போது திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரியும், தப்பாகத் தொட வழியே இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கு. இரண்டும் மாட்டியிருந்தால், கம்ப்யூட்டரைத் துவக்கும் கோப்புகள் சில சமயம் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதைக் கழற்றினால் புதுசு கிளம்பாது.

விண்டோஸ் உள்ள பென்டிரைவைச் செருகினோம். 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி வந்தது. காலி இடம் என்று அர்த்தம். அதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்தோம், தேவையான பிரிவுகளை விண்டோஸே போட்டுக்கொண்டது.

வேலை முடிந்ததும் அக்கா முகம் வாடிப்போச்சு. "500 ஜி.பி.ன்னு வாங்கினேன், 465-தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" ஏமாத்தலை. அவங்க கணக்கு ஆயிரம் ஆயிரமாக, விண்டோஸ் கணக்கு 1,024, 1,024 ஆக. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், அளக்கிற படி வேறே.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கை மாட்டி மறுபடி ஓட விட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டிஸ்க்கை 'ஃபார்மட்' செய்யவா, 'இனிஷியலைஸ்' செய்யவா என்று திரை கேட்டால், 'கேன்சல்' கொடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்க. அது புது டிஸ்க்குக்கான கேள்வி. நல்ல வேளை, எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கணக்குக் கோப்பை நகல் எடுத்துத் திறந்தோம். போன மாதச் சேமிப்புத் தொகையை அக்கா பேரேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தாங்க. சரியாக இருந்தது.

"இனிமே இதுலேயே வச்சுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. ஒரே இடத்தில் வேண்டாம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல தடவை கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டும். எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் போகும். அதில் அழித்த கோப்பைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. அதனால் மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவர ஒத்துக்கிட்டாங்க.

பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வச்சிருக்காங்க. சாவி மகளுக்குக்கூட கிடையாதாம்!