மலை உதிர்க்கும் கல்



மலை அசையாதது என்பது நம் பேச்சில் ஊறிப்போன எண்ணம். உறுதி வாய்ந்தவரை மலை போன்றவர் என்கிறோம். செங்குத்தான பெரும் பாறைகளில் கயிறு கட்டி ஏறுவோர் இந்த எண்ணத்தை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லுதல் நலம். மலை அசைகிறது, நாள்தோறும் அசைகிறது, எப்போதோ ஒருமுறை தன் உடலின் ஒரு பகுதியைக் கழற்றி எறிந்தும் விடுகிறது. பெங்களூரு, மும்பை, புணே போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், விடுமுறை நாளென்றால் கயிற்றை எடுத்துக்கொண்டு பாறை ஏறக் கிளம்பும் இளைஞரும் மங்கையரும் இன்று இருக்கிறார்கள். அவர்களையும், வாயிலில் நின்று கவலையோடு வழியனுப்பும் பெற்றோரையும் மனத்திற்கொண்டே இப்பேச்சை அமைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் யோசமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே எல் கேப்பிட்டன் என்னும் கருங்கற் சுவர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கிறது. வாரன் ஹார்டிங் என்பவரும் அவர் தோழர் இருவரும் 1958 நவம்பரில் முதன்முதலாக அச்சுவர் வழியே உச்சியை எட்டினார்கள். அதன்பின் உலகெங்கிலுமிருந்து ஏறுவோர் அங்கே வந்தவண்ணம் இருக்கின்றனர். 2017 செப்டம்பர் 27 அன்று பிற்பகலில், நான்கு மணி நேரத்திற்குள் அச்சுவரிலிருந்து ஏழு முறை பாறை சரிந்தது. பிரிட்டனிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் அப்போது சுவரில் ஏறிக்கொண்டிருக்கவில்லை, அடிவாரத்தில் இருந்தார்கள். கணவர் உயிரிழந்தார், மனைவி படுகாயமுற்றார். தம்மேல் கவிந்து தம்மைக் காத்தவர் கணவரே என்று அவ்வம்மையார் பின்னர் கூறினார். மறுநாள் அதே இடத்திலிருந்து, முதல் நாளினும் பன்மடங்கு பெரிதாக, ஏறத்தாழ 30,000 டன் பாறை இறங்கிற்று. சாலையில் வண்டியில் சென்ற ஒருவர் அதில் காயமடைந்தார். சுவரின் பிற பகுதிகளில் தொங்கிக்கொண்டிருந்தவர்களோ தீங்கின்றித் தப்பினர். ஏறுபவரைக் காட்டிலும் கீழே நிற்பவருக்கு ஆபத்து மிகுதியாகும் நேரமும் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். உணவு உண்பதற்கும் ஓய்வு கொள்வதற்கும் சுவரின் காலடியைத் தேர்வது தகாது.

பாறை ஏன் இவ்வாறு கழன்று விழுகிறது? கருங்கல் பூமியின் ஆழத்தில் பெரும் பாரத்தின்கீழ் இறுகியது. மேலிருந்த மண்ணும் கல்லும் நெடுங்காலத்தில் அரித்துப் போனபின், அழுத்தம் நீங்கி, மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் தோன்றுகின்றன. பாறை வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகப் பிரிகிறது. அத்தகைய ஏடு ஒன்றைக் கொலின்ஸ், ஸ்டாக் என்னும் இரு புவியியலார் யோசமிட்டியில் மூன்றரை ஆண்டுக் காலம் கருவிகள் பொருத்தி அளந்தனர். பத்தொன்பது மீட்டர் உயரமும் பத்துச் சென்டிமீட்டர் பருமனும் உள்ள ஏடு அது. வெயில் ஏற ஏறச் சுவரை விட்டு விலகும். இரவின் குளிரில் மீண்டும் நெருங்கும். ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் வரைகூட அசைந்தது. திரும்பி வந்தாலும் பழைய இடத்துக்கு முற்றிலும் வருவதில்லை. சிறிது சிறிதாக வெளியே தள்ளிப்போயிற்று. 2016-இல் இம்முடிவு வெளியானபோது, மழையோ நிலநடுக்கமோ இல்லாத வெயில் நாளில் பாறை விழுவதற்கு ஒரு காரணம் விளங்கிற்று.

ஆல்ப்ஸ் மலைகளின் நிலை வேறு. அங்கே வெடிப்புகளில் உறைந்த பனிக்கட்டியே கற்களைப் பிணைக்கும் சாந்து. சூரியன் படும்போது சாந்து இளகுகிறது, கல் புறப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகம் இதற்குப் பெயர்பெற்றது. 1936-இல் அதில் ஏறிய நால்வருள் ஒருவர் விழுந்த கல்லால் காயமுற்றார். அவரோடு இறங்க முயன்ற நால்வருமே மாண்டனர். 1938-இல்தான் அம்முகம் வெல்லப்பட்டது. இன்று அதனைக் கோடையில் நாடுவோர் குறைவு. எல்லாம் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தையும் வசந்தத் தொடக்கத்தையுமே விரும்புகின்றனர். வெப்பம் மிகுந்த 2003-ஆம் ஆண்டு ஜூலையில் மேட்டர்ஹார்ன் மலையில் பாதை சரிந்து, ஏறத்தாழ 90 பேரை ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தது. பிரான்சிலுள்ள ட்ரூ சிகரத்தில், 1955-இல் இத்தாலியரான பொனாட்டி தன்னந்தனியாக ஆறு நாள் போராடி ஏறிய பாறைத் தூண், 2005-இல் இடிந்து விழுந்தது. வீரரின் புகழ் இருக்கிறது. அவர் ஏறிய பாதைதான் இல்லை!

இனி, நம் பிள்ளைகள் செய்யத்தக்கன. தலைக்கவசம் இன்றியமையாதது; அதில் விவாதத்திற்கு இடமில்லை. ஆயினும் அதன் எல்லையையும் அறிய வேண்டும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் கல் நாலரை வினாடியில் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. எலுமிச்சை அளவுள்ள கல்லுக்குக் கவசம் ஈடுகொடுக்கலாம். அம்மிக்கல் அளவுக்கு எக்கவசமும் ஈடாகாது. ஆதலால் இடமறிந்து நிற்பதே பெருங்காப்பு. கயிறு பிடிப்பவர் ஏறுபவரின் நேர்கீழே நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கியோ, துருத்திய பாறையின் அடியிலோ நிற்க வேண்டும். வேறொரு குழு மேலே ஏறிக்கொண்டிருந்தால் அவ்வழியை அன்றைக்கு விட்டுவிடுவதில் இழுக்கொன்றுமில்லை. ஏனெனில், விழும் கற்களில் பலவற்றைத் தள்ளிவிடுவது மலையன்று. மேலே செல்வோரின் காலும், அவர்கள் இழுக்கும் கயிறுமே.

சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் பாட்டியின் கலையும் இங்கே பயன்படும். பிடிக்குமுன் பாறையை உள்ளங்கையால் தட்டினால், இறுகிய பாறை மங்கிய ஓசை தரும். பிளந்து நிற்கும் ஏடு பொள்ளலாக ஒலிக்கும். அத்தகையதைத் தொடாமல் செல்வது நன்று. வேறு வழியில்லையெனில், வெளிப்புறமாக இழுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்திக் கடக்கலாம்.

கல் பெயர்ந்துவிட்டால், பெயர்த்தவர் அக்கணமே உரக்கக் கூவ வேண்டும். கீழே உள்ளவர் அண்ணாந்து பார்க்கலாகாது. அது இயல்பான ஆவல், ஆனால் முகத்தைக் கல்லுக்குக் காட்டும் ஆவல். சுவரோடு ஒட்டிக்கொண்டு, முதுகுப் பையைக் கழுத்துவரை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஏறுவோர் பெரும்பாலும் ‘ராக்’ என்றே கூவுகிறார்கள். வடநாட்டில் ‘பத்தர்’ என்றும் கூவலாம். பெங்களூருக்கு அருகே சாவன்துர்காவில் ஏறும் நம் பிள்ளைகள் அவசரத்தில் தாய்மொழியிலேயே ‘கல்’ என்று கத்திவிட்டாலும் பிழையில்லை. கன்னடத்திலும் அது கல்லுதான்.