போர்வைக்கு முன்னால் வாடகை

அறக்கட்டளை நிர்வாகிகளே, நன்கொடையாளர்களே, இரவு பத்து மணிக்கு மேல் வேன் எடுத்துக்கொண்டு உணவுப் பொட்டலம் கொடுக்கக் கிளம்பும் இளைஞர்களே!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் போர்வைக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரல் எதிரே, பாரிமுனை நடைபாதையில் படுத்திருப்பவர் மேல் ஒரு அமைப்பு வந்து போர்த்திவிட்டுப் போகும். அடுத்த அமைப்பு வந்து இன்னொன்றைப் போர்த்திப் படமும் எடுத்துக்கொள்ளும். கொடுப்பவர் மனசில் குறையில்லை, குறையெல்லாம் நேரத்தில்தான். அந்த மனிதர் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தர்மம் கண் விழிக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்பு அவர் வாடகை பாக்கி வைத்திருந்தார். வீட்டுக்காரர் அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்தார். மனைவியின் செயின் அடகுக்குப் போனது. அப்போது எந்த அமைப்பும் அந்தத் தெருவுக்குள் நுழையவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்றது. முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. சென்னை மாநகராட்சி தன் காப்பகங்களைத் தொண்டு அமைப்புகளைக் கொண்டு நடத்துகிறது. நல்ல காரியம்தான். ஆனால் காப்பகம் என்பது வீடு போன பின் வந்து சேரும் இடம். வீடு போவதற்கு முன்னால் போய் நிற்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் அறக்கட்டளைகளுக்கு உத்தரவு போடப் போவதில்லை. தானாக நினைத்தால்தான் உண்டு.

‘வாடகை கட்டிக் கொடுத்தால் ஊரே வரிசையில் நிற்காதா, எல்லாரும் ஏமாற்ற மாட்டார்களா?’ என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவர் கேள்விக்குப் பதில் சிகாகோவில் இருக்கிறது. அங்கே வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவர்கள் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, ஒரு தடவை உதவி கேட்கலாம். பணம் வீட்டுக்காரருக்கோ மின் நிறுவனத்துக்கோ நேராகப் போய்விடும். சில நாள் நிதி இருக்கும், சில நாள் தீர்ந்திருக்கும். அழைப்பவருக்கு அது முன்கூட்டித் தெரியாது. எவன்ஸ், சலிவன், வால்ஸ்காக் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்த இரண்டு வகை அழைப்பாளர்களையும் ஒப்பிட்டு, 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள், அடுத்த ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது.

கைதட்டுவதற்கு முன் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் கேளுங்கள். உதவி கிடைக்காதவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் அந்த ஆறு மாதத்தில் காப்பகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். அதனால் ஒருவர் வீடிழப்பதைத் தடுக்க ஆகும் செலவு 10,300 டாலர் என்று கணக்கு வந்தது. சின்னத் தொகை இல்லை. ஆனாலும் தடுத்ததால் கிடைத்த பலன் 20,000 டாலரைத் தாண்டியது. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களிடம் பலன் இன்னும் கூடுதல். ஆக, கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பது தடுப்பு வேலை ஆகாது. யார் விளிம்பில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அதற்கு வேன் போதாது. தெருவை அறிந்த ஆள் வேண்டும்.

அப்படி ஆள் வைத்துக் காட்டிய அமைப்பு இதே சென்னையில் இருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக ‘பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மீட்பது, சிகிச்சை தருவது, ஊரைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு சேர்ப்பது. இதோடு நிறுத்தியிருந்தாலும் பெயர் கிடைத்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. குடியிருப்புப் பகுதிகளிலேயே வெளிநோயாளர் மருத்துவம், வீடு தேடிப் போகும் களப் பணியாளர் என்று விரித்தார்கள். மாத்திரை நின்றுபோன வீட்டிலிருந்துதான் அடுத்த பெண் தெருவுக்கு வருவாள். அந்த வாசலுக்கே போய் நிற்பதுதான் தடுப்பு. 2015-இல், திரும்பிப் போக இடமில்லாதவர்கள் சாதாரணத் தெருக்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாழும் வீடுகளையும் ஆரம்பித்தார்கள்.

விருந்தோடு நிற்காமல் தடுப்புக்குத் திரும்பிய இன்னோர் அமைப்பு லண்டனில் இருக்கிறது. ‘கிரைசிஸ்’ என்ற அந்த அறக்கட்டளை 1967-இல் பிறந்தது. கிறிஸ்துமஸ் நாளில் வீடற்றவர்களுக்கு இடமும் விருந்தும் தருவதில் பேர்பெற்றது. நம் ஊர் அன்னதானக் குழுவுக்கு அண்ணன் மாதிரி. அந்த அமைப்பு 2014-இல் ஒரு வேலை செய்தது. முன்பு வீடில்லாமல் இருந்தவர்களையே உதவி கேட்டு வருபவர்கள்போல 16 உள்ளாட்சி அலுவலகங்களுக்கு அனுப்பியது. 87 தடவை போனதில் 50 தடவை உருப்படியான உதவி கிடைக்கவில்லை. அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்காகப் போராடினார்கள். ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோ பகுதியின் எம்.பி. பாப் பிளாக்மன் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2017-இல் அது சட்டமாகி, 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. 56 நாளில் வீடு போய்விடும் என்ற நிலையில் ஒருவர் வந்தாலே, உள்ளாட்சி தடுப்பு முயற்சியில் இறங்கியாக வேண்டும். போதுமான மலிவு வீடுகள் இல்லாததால் அங்கே இன்றும் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இடங்களில்தான் இருக்கின்றன. சட்டம் வீடு கட்டாது. ஆனால் விருந்து போட்டுக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் அந்தச் சட்டமும் வந்திருக்காது.

இங்கே வாடகைக்கு ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பயன்படுத்தத்தான் ஆளில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற சந்து வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே வருகிறது. வாய்ப்பேச்சில் குடியிருக்கும் கொத்தனாருக்கும் வீட்டுவேலைப் பெண்ணுக்கும் ஒரு தாளை எழுதிப் பதிவு செய்து கொடுக்க எத்தனை அறக்கட்டளைகள் முன்வந்திருக்கின்றன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை அகற்றி, குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். வேலை நகரத்தின் நடுவில், வீடு அதன் விளிம்பில். வேலையை விட முடியாதவர்களில் சிலர் பழைய இடத்துக்கே திரும்பி நடைபாதையில் படுத்தார்கள். புல்டோசர் வந்த நாளில் குரல் கொடுக்காத அமைப்புகள், மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தன. அதிகாரி கோபப்படுவாரோ, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பணம் நின்றுவிடுமோ என்று பயந்த மௌனம் அது. அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்க வேண்டாம்.

இந்த மழைக்காலத்துக்குப் போர்வை வாங்க ஒதுக்கிய பணத்தில் நாலில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஒரு வார்டைத் தேர்ந்தெடுங்கள். வாடகை பாக்கி, அடகுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் செலவு, மாத்திரை நின்றுபோன வீடு எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். அந்த வார்டில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு முதலில் போய் நிற்பது உங்கள் அமைப்பாக இருக்கட்டும்.