அவையடக்கமும் அகத்தின் ஐயமும்



மேடையேறியவுடன் ‘இங்குப் பேச எனக்குத் தகுதியில்லை’ என்று தொடங்குவது நம் மரபு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். கேட்டோர் எவரும் அதனை நம்பவில்லை. நம்பவேண்டும் என்று அவரும் பாடவில்லை. அவை நடுவே சொல்லப்படுவதனாலேயே அது அழகு பெறுகிறது. நான் இன்று பேச வந்ததோ, அவையில் சொல்லமுடியாத ஓர் அடக்கத்தைப் பற்றி. வென்ற பின்னும், ‘எப்படியோ ஏமாற்றி இங்கு வந்துவிட்டேன், ஒருநாள் பிடிபடுவேன்’ என்று உள்ளுக்குள் நடுங்கும் மனநிலை அது.

1978ஆம் ஆண்டு பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் இதற்கு ‘இம்போஸ்டர்’ நிலை என்று பெயரிட்டனர். வேடதாரி நிலை எனலாம். பட்டமும் பதவியும் பாராட்டும் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களைக் கண்டறிந்து எழுதிய கட்டுரை அது. தமக்கு இடம் கிடைத்ததே தேர்வுக் குழுவின் பிழையால்தான் என்று நம்பிய மாணவியரும் அவர்களுள் இருந்தனர்.

ஆடவர்க்கும் இது உண்டு. ஜான் ஸ்டைன்பெக் 1938இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எழுதிய ஐந்து மாதங்களில் நாட்குறிப்பு ஒன்றும் எழுதிவந்தார். தாம் எழுத்தாளரே அல்லர், தம்மையும் பிறரையும் ஏமாற்றி வருகிறோம் என்று அதில் குறித்துவைத்தார். முந்தைய ஆண்டே அவர் புகழ் பெற்றுவிட்டவர் என்பதை மறக்கலாகாது. 1939இல் நாவல் வந்தது, 1940இல் புலிட்சர், 1962இல் நோபல். அப்பரிசுக்குத் தாங்கள் தகுதியானவர்தாமா என்று செய்தியாளர் கேட்டபோது, இல்லை என்றே விடையளித்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்தும் ஐயம் அகலவில்லை.

மிஷெல் ஒபாமாவின் கதை வேறு. சிகாகோவின் தென்பகுதியில், நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய தந்தைக்குப் பிறந்த கறுப்பினப் பெண். அண்ணன் பிரின்ஸ்டனில் பயின்றுகொண்டிருந்தார். தாமும் அங்குச் சேர விரும்பினார். நீ அதற்கு ஏற்றவளா என்பது உறுதியில்லை என்று பள்ளி ஆலோசகர் சொன்னாராம். 1981இல் அங்கேயே சேர்ந்தார். பின் ஹார்வர்டில் சட்டம் பயின்றார். எட்டாண்டுகள் வெள்ளை மாளிகையில் வாழ்ந்தார். 2018இல் இலண்டன் பள்ளி மாணவியரிடம், அந்த ஐயம் இன்னும் தம்மை விட்டு நீங்கவில்லை என்றார். அவ்வாண்டு வெளிவந்த தன்வரலாற்றில், அந்த ஆலோசகரின் தோற்றம்கூட நினைவில்லை என்கிறார். முகம் மறந்தது, சொல் மறக்கவில்லை.

இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது எனக்கு உடன்பாடன்று. ஸ்டைன்பெக்கின் ஐயம், எழுத நினைத்த நூலுக்கும் எழுதிய பக்கத்துக்கும் இடைப்பட்ட தொலைவில் பிறந்தது. மற்றது, வாயிலில் நின்றவர் கையில் திணித்தது. அதனையும் சுமந்தவரின் மனநோய் என்று சொல்லிவிட்டால், திணித்தவர் தப்பிவிடுவார்.

என்னைப் பற்றியும் சிறிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விரிவுரையாளனாக வகுப்பில் நுழைந்த முதல் நாள் மாணவர்கள் எழுந்து நின்றனர். யாருக்காக என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். நியமன ஆணையை நான்கைந்து மாதங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், எவரேனும் கேட்டால் காட்டுவதற்கு. எவரும் கேட்கவில்லை.

துறையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இவ்வட்டத்தின் இரண்டாம் ஆண்டில், கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது மூத்த உறுப்பினர் ஒருவரிடம் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகப் புலமை வாய்ந்த குடும்பத்தவர். சிரிப்பார் என்றே எண்ணினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். இன்றளவும் தந்தையாரின் பெயரைச் சொல்லித்தான் தம்மை அறிமுகப்படுத்துகிறார்கள் என்றார். நாற்பதாண்டுகள் எழுதியவற்றுள் எது தம்முடையது, எது அவர் பெயருக்குக் கிடைத்த மரியாதை என்று தமக்கே தெரியவில்லை என்றார். அன்றிரவு இருவரும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டோம்.