கையால் படித்த ஊர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையின் நூறு வருடக் கதையைச் சொல்லும்படி கேட்டார்கள். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நான் ஆரம்பப் பிரிவுக்காரி. தரம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் முப்பது வருடம் ஓடித்திரிந்தவள். ஆகவே ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் ஊரை எப்படிப் படிப்பிப்பது என்பதை மட்டும் பேசுகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் ஊர் என்பது பாடமாக்கும் விசயம். மாகாணங்கள் ஒன்பது, நமது மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை, வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். ஒப்புவித்தால் சரி. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தம் இதை மாற்றப் பார்த்தது. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று பாடத்துக்கே பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். ஆனால் பல வகுப்புகளில் செயற்பாடு என்றால் புத்தகத்திலுள்ள படத்துக்கு நிறம் தீட்டுவது என்றே ஆகிப்போனது. நானும் சில வருடம் அப்படித்தான் செய்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

2003 ஆம் ஆண்டு. சமாதான ஒப்பந்தம் வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. தரம் நான்குப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, “நம்மட ஊர வரைங்க, எதப் பெரிசா நினைக்கிறீங்களோ அதப் பெரிசா வரைங்க” என்றேன். ரெயில் நிலையத்தை விட ஐஸ்கிறீம் கடை பெரிதாக வந்தது. கடிக்கிற நாய் இருக்கும் வீட்டுக்குச் சிவப்புப் பென்சில். புன்னைக்குடாக் கடற்கரைக்கு நீல மை தீர்ந்துபோனது. எல்லாம் அழகு. ஆனால் செங்கலடிப் பக்கம் போகும் றோட்டு, ஊர் எல்லை தாண்டியதும் எல்லாத் தாளிலும் வெறும் வெள்ளையாக நின்றது. ஒரு பிள்ளையிடம் இங்கே ஏன் ஒன்றும் வரையவில்லை என்று கேட்டேன்.

“அங்கால ஒண்டுமில்ல டீச்சர்” என்றாள்.

செங்கலடி நடந்து போகிற தூரம். அந்தப் பிள்ளையின் வாப்பா சைக்கிளில் புடவைக் கட்டை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்த றோட்டால்தான் வியாபாரத்துக்குப் போய்வந்தார்.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஆகஸ்ட்டில் ஏறாவூரில் நடந்ததும், அதே வருடம் நமக்கு அயலில் தமிழ்க் கிராமங்களில் நடந்ததும் இரண்டு பக்கத்திலும் மையவாடிகளிலும் சுடலைகளிலும் கிடக்கின்றன. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவுமில்லை. யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்ததுமில்லை. கைபிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் வேறொரு வேலை கொடுத்தேன். நேற்றுப் பகல் சாப்பிட்டதைத் தட்டில் வரைந்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு வரவேண்டும். அரிசி படுவான்கரை வயலிலிருந்து. இறால் வாவியிலிருந்து. தயிர்ச் சட்டி மேற்கே பட்டி வைத்திருக்கிறவர்களிடமிருந்து. பருப்பு கொழும்பிலிருந்து வந்தது என்றாள் ஒருத்தி. கப்பலில் வந்தது என்றாள் அடுத்தவள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, நம் பாடசாலையில் ஒரு ஊசி குத்தி, தையல் நூலை ஒவ்வொரு இடத்துக்கும் இழுத்துக் கட்டினோம். கட்டி முடிக்கும்போது பாதி நூல் அந்த வெள்ளையின் மேலால்தான் போயிற்று. நான் ஒன்றும் விளக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளே, “அப்ப அங்கால ஆக்கள் இரிக்காங்க” என்றார்கள்.

நம்மோடு இதே பாடசாலையில் படித்த தோழி ஒருத்தி அந்நேரம் அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் நான்கு எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று இங்கேதான் இருக்கிறாள், பெயர் சொல்ல விடமாட்டாள். அவளுடைய பிள்ளைகளும் ஊர்ப்படம் வரைந்து அனுப்பினார்கள். அவர்களுடைய தாளில் வெள்ளையாக இருந்தது ஏறாவூர். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பிசகாமல் பொருந்தியது ரெயில் பாதை மட்டும்தான்.

பிறகு இரண்டு வகுப்பையும் ஒரு நாள் சந்திக்க வைத்தோம். சொல்வதற்கு லேசு. ஒரு தாய் வந்து, “டீச்சர், குறை நினைக்காதீங்க, நான் புள்ளய அனுப்ப மாட்டன்” என்றார். அவருடைய தம்பி 1990 இல் மவுத்தானவர். நான் வற்புறுத்தவில்லை. போய்வந்த பிள்ளைகள் அவளுக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள், அவள் அதைக் கொப்பிக்குள் மடித்து வைத்தாள். அந்தத் தாயிடம் இன்னொரு தடவை பேசியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஊர்ப் பெயர்களையும் இப்படித்தான் எடுத்தோம். முக்குவர், திமிலர் சண்டைக் கதையை உங்கள் மூத்தம்மாமாரும் சொல்லியிருப்பார்கள். தோற்றவர்கள் திரும்ப ஏறாத ஊர் ஏறாவூர், துரத்தியவர்கள் வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை, சந்தி செய்த வெளி சந்திவெளி, சத்துருவை வென்ற இடம் சத்துருக்கொண்டான். கேட்க நல்ல கதை, பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டவும் வாய்ப்பானது. ஆனால் 1990 க்குப் பிறகு சத்துருக்கொண்டான் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. “சத்துரு ஆரு டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? கடைசியில், இது பெரியவர்கள் சொல்லும் கதை, உங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் எழுதி வாருங்கள் என்றேன். ஒரு பெயருக்கு மூன்று கதை வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம்.

திசை படிப்பிக்க நமக்குத் திசையறிகருவி தேவையில்லை. எழுவான்கரை, படுவான்கரை என்று பேசிப் பழகிய பிள்ளைக்குக் கிழக்கும் மேற்கும் வாயிலேயே இருக்கிறது. காலையில் வெயிலைப் பார்த்து நிறுத்தினால் முன்னால் கடல், பின்னால் வாவி, இடக்கைப் பக்கம் வாழைச்சேனை பஸ், வலக்கைப் பக்கம் மட்டக்களப்பு பஸ்.

வாவியைத்தான் நான் அதிகம் விரும்பிச் செய்தேன். பேக்கரியில் கழித்துவிட்ட தகரத் தட்டில் களிமண்ணை அப்பி, நடுவில் வாவியைத் தோண்டி, உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினோம். ஒரு வருடம் பிள்ளைகள் கடலையும் வாவியையும் சேர்க்க மறந்துவிட்டார்கள். மாரி பெய்கிறது என்று ஒருத்தி வாளித் தண்ணீரைச் சாய்த்தாள். களிமண் ஊர்கள் எல்லாம் தாழ்ந்தன. எல்லோரும் கத்த, பின்வாங்கில் இருந்த, வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி ஓடிவந்து ஈர்க்கால் ஒரு கீறு கீறினாள். தண்ணீர் கடற்பக்கம் வடிந்தது. “வெள்ளம் வந்தா முகத்துவாரம் வெட்டுவாங்க, அப்பா சொன்னவர்” என்றாள். அவளுடைய அப்பா தோணிக்காரர். பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றிலும் வாவிக்கு வாசல் உண்டு என்பதை அந்த வகுப்பில் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மூன்று தகரப் பேணி மூடியில் கிணற்றுத் தண்ணீர், வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் வைத்து வெயிலில் காயவிட்டோம். எதில் எவ்வளவு உப்புப் பூத்தது என்று விரலால் தொட்டுப் பார்த்தார்கள். இதையே மாரி முடிந்து ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் செய்யவேண்டும். வாவித் தண்ணீரின் கணக்கு மாறும்.

தரம் ஐந்தில் மாகாணம் வரும். காட்போட்டில் பழைய கிழக்கு மாகாணத்தை வெட்டுவோம். 1833 இல் பிரித்தானியர் கீறிய மாகாணம் இப்போதிருப்பதை விடப் பெரியது. 1873 இல் தமன்கடுவையை, அதாவது பொலன்னறுவைப் பக்கத்தை, கத்தரிக்கோலால் வெட்டி வடமத்திக்குக் கொடுக்கவேண்டும். 1961 இல் மட்டக்களப்பின் தெற்குப் பகுதியை வெட்டி அம்பாறை என்று எழுதவேண்டும். 1988 இல் வடக்கைக் கொண்டுவந்து டேப்பால் ஒட்டி, 2007 ஜனவரியில் டேப்பை உரிக்கவேண்டும். உரிக்கும்போது கொஞ்சம் காட்போட்டும் கிழிந்து வரும், அதைப் பசை போட்டுத் திருத்தாமல் விட்டுவிடுவேன். “கோட்ட மாத்துறது ஆரு டீச்சர்?” என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். எல்லைக் கோடு மழையைப் போல வானத்திலிருந்து விழுந்தது அல்ல என்று விளங்கினால்தான் அந்தக் கேள்வி வரும்.

புலமைப்பரிசில் பரீட்சையில் இதற்கெல்லாம் எத்தனை புள்ளி என்று கேட்ட பெற்றோர் உண்டு. களிமண்ணைக் கண்டு முகம் சுளித்த பெரியவர் ஒருவரும் உண்டு. பழைய வினாத்தாள்களையும் செய்வித்தேன். அதில்லாமல் நம் நாட்டில் ஒரு ஆசிரியை ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

இனி உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். இந்த மலர் கனடாவிலும் லண்டனிலும் கட்டாரிலும் அவுஸ்திரேலியாவிலும் வாசிக்கப்படும். நீங்கள் சின்ன வகுப்பில் படித்தபோது வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடந்துவந்த வழியை ஒரு தாளில் வரைந்து, வருடத்தையும் எழுதி ஆரம்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். இப்போதைய தரம் நான்குப் பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வழியால் நடப்பார்கள். பென்சிலால் வரைந்தால் போதும், வடிவாக இருக்கத் தேவையில்லை. குடியிருந்த இடம் இப்போது நீங்கள் திரும்பிப் போகாத இடமாக இருந்தாலும் வரையுங்கள். எந்த மரம், எந்தக் கடை, யாருடைய வேலி என்று எழுதுங்கள். நினைவு வராத இடத்தை இட்டுக்கட்டி நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.