அந்துருண்டையும் ஓர் அறிஞரும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலிக் கூட்டத்தில் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளை பௌதிகம் படிக்க ஆசைப்பட்டால், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்கிறோம். விஞ்ஞானம் எங்கோ சீமையில் நடக்கும் காரியம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆகவே நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியே பேச முன்வந்தோம்.

மதுரையிலிருந்து கிருஷ்ணன்கோயில் போய், அங்கிருந்து மலையடிவாரம் நோக்கித் திரும்பினால் வத்திராயிருப்பு. அங்கே 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு நம் மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன்பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1920இல் கல்கத்தா சென்று, 1923 முதல் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தார்.

ஒரு திரவத்தில் ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. 1928 பிப்ரவரியில் இதை உறுதிசெய்த சோதனைகளில் ஏறக்குறைய அறுபது திரவங்களைப் பார்த்தவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர். "நேச்சர்" பத்திரிகையில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வந்தது. இது நியாயமா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. நாம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இராமன் தம் நோபல் உரையில் கிருஷ்ணன் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். கிருஷ்ணன் அதற்குப் பின் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

கோயில்பிள்ளை திருவுடைப் பெட்டியில் போடும் அந்துருண்டையை எல்லாரும் அறிவோம். நாப்தலீன் என்ற பொருளால் ஆனது அது. அதன் மூலக்கூறு, இரண்டு வளையங்கள் ஒட்டிய தட்டை வடிவம். மூன்று வளையங்கள் ஒட்டினால் ஆந்திரசீன். படிகத்துக்குள் இவை அப்பளக் கட்டைப்போல் நேராக அடுக்கியிருக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து கிடக்கின்றன. கண்ணால் காண முடியாத அந்தச் சாய்வை எப்படி அளப்பது?

1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன் ஒரு வழி கண்டார். படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கினார். காந்தம் பிடித்திருப்பதால் படிகம் முதலில் சற்றே திரும்பும். ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அதற்கு எத்தனை முறுக்கு வேண்டியிருந்தது என்ற கணக்கிலிருந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னார். எவ்வளவு எளிய கருவி பாருங்கள்! ஒரு நூல், ஒரு காந்தம், நிறையப் பொறுமை. இத்தகைய படிகங்கள் எந்தத் திசையில் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதையும் ஆராய்ந்தார். 1936இல் லண்டனின் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். 1940இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947 முதல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்தார்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1963இல் அமெரிக்காவில் ஆந்திரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி வரச் செய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 400 வோல்ட் தேவைப்பட்டது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் என்ற இருவர், கரிமப் பொருள்களை மிக மெல்லிய இரண்டு படலங்களாகப் பூசி, 10 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பிரகாசிக்க வைத்தார்கள். உங்களில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் செல்போனின் திரை அந்த வழியில் வந்ததே. அதை கிருஷ்ணன் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தட்டை மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன, ஒளி அவற்றோடு எப்படி உறவாடுகிறது என்ற அறிவு இல்லாமல், ஒளிக்கென்று பொருள்களைத் திட்டமிட்டுச் செய்ய வழியில்லை. அந்த அறிவுக்கு அடிப்படை இட்டவர்களில் வத்திராயிருப்புக்காரர் ஒருவர்.

அவர் 1961 ஜூன் 14ஆம் நாள் காலமானார். ஆந்திரசீன் மின்சாரத்தால் ஒளிர்ந்ததை அவர் காணவில்லை.

பௌதிகம், இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். நாம் சொன்னதில் விளங்காதது இருந்தால் இப்போது எழுந்து கேளுங்கள், பெற்றோரும் கேட்கலாம்.